கருவின் வடிவும் மலைநாட்டார் வாய்நோயும்

ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையின் இருமருங்கிலும் மழை ஓய்ந்த காலைப்பொழுதில் கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்களைக் காணலாம். முதுகிலே கூடை, தலையிலே கயிறு, இடுப்பில் இறுகக் கட்டிய படங்கு. அவர்களுட் பலருடைய மடியில் ஒரு சிறு பையும் இருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை ஆகிய நான்கும் அதனுள் அடங்கும். பிரட்டுக் களத்திலே பேர் பதிந்ததும் ஒரு வாய். கொழுந்து நிறுத்து முடிந்ததும் ஒரு வாய். மாலையில் லயத்துக் காம்பராவின் வாயிலில் அமர்ந்தபின் இன்னுமொரு வாய். அட்டை கடிக்கும் ஈரச் சரிவுகளில் உடலுக்குச் சற்றே வெப்பந் தருவதும், நண்பகல் வரை பசியை மறக்கச் செய்வதும், களைப்புக்கு ஒரு துணையாய் நிற்பதும் அதுவே. இன்பத்துக்காக மட்டும் மெல்லுகிறார்கள் என்று அவர்களைக் குறைகூறுவோர் அந்தச் சரிவிலே ஒரு நாள் நின்று பார்த்தவரல்லர்.

இப்பழக்கம் நெடுங்காலம் நீடித்தவர் சிலரின் வாயிலே மாற்றங்கள் தோன்றும். கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தும் போகாத வெண்படை ஒன்று படியும். சிலருக்கு உட்கன்னம் வெளிறி, நார் ஓடி, விறைத்துப் போகும். காரம் பட்டால் எரியும். நாளடைவில் சோற்றுக் கவளம் நுழையும் அளவுக்கும் வாய் திறவாது. வேறு சிலருக்கு ஆறாப் புண் எழும். இவற்றுள் எது புற்றுநோய், எது அன்று, எது நாளை அதுவாக மாறக்கூடியது என்பதை வெறுங்கண்ணால் அறுதியிட்டுரைக்க எந்த வைத்தியராலும் இயலாது. அந்தப் படையிலிருந்து நெல்மணியளவு இழையத்தை வெட்டியெடுத்து, மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்பவரே தீர்ப்புக் கூறுவார். அவர் முதன்மையாகப் பார்ப்பது ஒன்றையே. கலத்தின் நடுவே கிடக்கும் கருவின் வடிவம் அது.

ஈழத்துப் பாடநூல்கள் கலம் என்றும் கரு என்றும் வழங்குவனவற்றைத் தமிழகத்தார் செல் என்றும் உட்கரு என்றும் கூறுவர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. கருவை ஒரு தனி உறுப்பாகக் கண்டு அதற்குப் பெயரிட்ட பெருமை ஸ்கொத்லாந்துத் தாவரவியலாளர் ரொபேட் பிரவுணுக்கு உரியது. 1831ஆம் ஆண்டில் ஓர்க்கிட் செடிகளின் மேற்றோலை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு கலத்திலும் வட்டமான ஒரு புள்ளி இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். மனித நோய்களுள் மிகக் கொடியதொன்றை அடையாளங் காட்டும் கருவி, இலையின் தோலிலிருந்து தொடங்கிற்று என்பது வியப்பன்றோ! தேயிலைக் கொழுந்தின் ஒவ்வொரு கலத்திலும் அதே கரு உண்டு.

ஏழாண்டுகள் கழித்து, 1838இல், பெர்லினிலிருந்த யோகன்னஸ் மியூலர் மனிதக் கட்டிகளும் கலங்களாலானவையே என்று காட்டினார். அவருடைய மாணவரான ருடொல்ஃப் விர்ச்சோ, கலம் ஒவ்வொன்றும் இன்னொரு கலத்திலிருந்தே பிறக்கிறதென 1858இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அதன் பின்னர், கட்டி என்பது வெளியிலிருந்து வந்து புகுந்த பொருளன்று, உடம்பின் கலங்களே நெறி பிறழ்ந்து பெருகியது என்ற கொள்கை வேரூன்றிற்று.

மலைநாட்டாரின் கதைக்கு நெருங்கிய நிகழ்ச்சி 1860இல் இலண்டனில் நடந்தது. கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த லயனல் பீல் என்னும் வைத்தியர், தொண்டையில் புற்றுநோய் கொண்ட ஒருவர் உமிழ்ந்ததை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தார். அதிலே உதிர்ந்து கிடந்த கலங்கள் அளவிலும் வடிவிலும் ஒன்றோடொன்று ஒவ்வாதிருப்பதைக் கண்டு அவற்றை வரைந்து வெளியிட்டார். கத்தி எடாமலே, எச்சிலிலிருந்து நோயை அறியும் வழி அது. அவ்வாண்டில் ஈழத்து மலைநாட்டில் தேயிலை இல்லை; கோப்பிக் காலம் அது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்டது 1867ஆம் ஆண்டில். கோப்பி இலையை அழித்த நோய் தோன்றியது 1869இல். தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த மக்கள் அப்போதே இம்மலைகளில் உழைத்துக்கொண்டிருந்தனர். வெற்றிலைப் பையும் அவர்களோடு கடல் கடந்தது. எனினும், இங்கும் அது புதிதன்று. சிங்கள மக்களிடையேயும் வெற்றிலை கொடுத்து வரவேற்பது தொன்றுதொட்ட மரபு.

பீல் கண்டதன் உட்பொருளை விளக்க முற்பட்டவர் விர்ச்சோவின் உதவியாளராயிருந்த டேவிட் ஃபொன் ஹான்சமான். கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்கள் இருபுறமும் சமமாகப் பங்கிடப்படுதல் இயற்கை. புற்றுநோய்க் கலங்களிலோ பங்கீடு கோணலாகிவிடுகிறதென 1890இல் அவர் எடுத்துரைத்தார். ஜெர்மானியரான தியோடோர் பொவேரி, கடல்முள்ளெலியின் முட்டைகளில் நிறமூர்த்தங்கள் தாறுமாறாகப் பிரிவதால் விளையும் கேட்டை ஆராய்ந்து, புற்றுநோயின் வேர் அங்கேதான் இருக்கிறதென 1914இல் ஒரு சிறு நூலில் எழுதினார். அவர் மறுஆண்டே காலமானார். அவர் கூற்றுக்கு உரிய மதிப்புக் கிடைக்கப் பல பத்தாண்டுகள் சென்றன.

கருவைப் பார்த்து நோயறியும் கலையை ஆய்வுகூடத்திலிருந்து சாதாரண வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தவர் கிரேக்க நாட்டிலே பிறந்து நியூயோர்க்கில் பணியாற்றிய ஜோர்ஜ் பாப்பனிகொலாவ். கருப்பைக் கழுத்திலிருந்து சுரண்டியெடுத்த கலங்களிலே புற்றுநோயைக் காணலாமென 1928இல் அவர் கூறியபோது கேட்டோர் பெரிதும் மதிக்கவில்லை. 1941இலும் 1943இலும் அவரும் ஹெர்பர்ட் டிரவுட்டும் சேர்ந்து வெளியிட்ட சான்றுகளே உலகை ஏற்கச் செய்தன.

ஆரோக்கியமான உட்கன்னத்தின் சீவலில், அடிவரிசைக் கலங்கள் நெருக்கமாக, ஒத்த அளவினவாக, கற்சுவரின் அடிக்கற்கள் போல் நிற்கும். மேலே செல்லச் செல்லக் கலங்கள் தட்டையாகும், கருக்கள் சுருங்கும். நோய் தலையெடுக்கும்போது இவ்வொழுங்கு குலைகிறது. கரு பருத்து, கலத்தில் தனக்குரிய பங்கினும் மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்கிறது. சாயத்தை மிகுதியாய் ஏற்றுக் கருமையடைகிறது. வட்டமான விளிம்பு மடிப்பும் பள்ளமும் பிதுக்கமும் பெறுகிறது. அண்டைக் கலங்களின் கருக்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதிருக்கின்றன. இக்குழப்பம் அடிவரிசையோடு நிற்கிறதா, இடைவரிசைக்கு ஏறிவிட்டதா, மேற்பரப்பு வரை பரவிவிட்டதா என்பதைக் கொண்டே நோயின் படி கணிக்கப்படுகிறது. அடிச்சவ்வைத் துளைத்துக் கீழிறங்கிவிட்டால் அது புற்றுநோய். இப்படிகளை அளப்பதில் தேர்ந்த இருவர்க்கிடையேயும் கருத்து வேற்றுமை நேர்வதுண்டு. கண்ணும் பழக்கமுமே அளவுகோலாயிருந்த துறை அது. 1990களில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் மார்பகக் கட்டிகளிலிருந்து எடுத்த கருக்களின் ஆரை, சுற்றளவு, வழவழப்பு, விளிம்பின் குழிவு முதலியவற்றைக் கணினியால் அளந்து, நன்மையான கட்டியையும் தீயதையும் பிரித்துக் காட்டியபோதுதான் வடிவம் எண்ணாக மாறிற்று.

வடிவம் ஏன் கெடுகிறது? மனிதக் கலமொன்றின் கரு பெரும்பாலும் 5 முதல் 10 மைக்குரோன் விட்டமுடையது. அச்சிறு கூட்டுக்குள் ஏறத்தாழ 2 மீற்றர் நீளமான டி.என்.ஏ. இழை 46 நிறமூர்த்தங்களாகச் சுற்றி வைக்கப்பட்டுள்ளது. கூட்டின் உட்சுவரை ஒட்டி லமின் என்னும் புரதங்களாலான வலை ஒன்று பின்னப்பட்டிருக்கிறது. கூடைக்கு மூங்கிற் பட்டை எவ்வாறோ கருவுக்கு லமின் அவ்வாறு. உருவைத் தருவதும் தாங்குவதும் அதுவே. பல புற்றுநோய்களில் லமின்களின் அளவு மாறிவிடுகிறது. வலை தளர்ந்தால் கூடு துவள்கிறது. பங்கீடு பிழைத்து நிறமூர்த்தங்கள் மிகுந்தால் கூடு பருக்கிறது.

கரு தன் கூட்டுக்குள் தனித்திருப்பதன்று என்பதும் பின்னரே தெளிவாயிற்று. 1997இல் பொஸ்ரன் நகரில் மனியோட்டிசும் டொனால்ட் இங்பரும் அவர்தம் தோழரும் ஒரு கலத்தின் மேற்பரப்பிலுள்ள பற்றிடங்களை நுண்ணிய ஊசியால் இழுத்தபோது, உள்ளேயிருந்த கரு அந்தப் பக்கமாக நீண்டது. கலத்தின் தோலுக்கும் கருவுக்குமிடையே புரத நாண்கள் கட்டப்பட்டிருக்கின்றன என்பதற்கு அது கண்கூடான சான்று. ஆகவே, கலம் எதன்மேல் அமர்ந்திருக்கிறதோ அதன் மென்மையும் வன்மையும் கருவரை எட்டுகின்றன. 2013இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் டிஷரின் குழுவினர், மூளை போன்ற மென்மையான இழையங்களில் லமின்-ஏ குறைந்தும் எலும்பு போன்ற விறைத்த இழையங்களில் மிகுந்தும் இருப்பதைக் காட்டினர்.

இவ்விடத்திலே மலைநாட்டாரின் விறைத்த கன்னத்தை நினைவுகூர வேண்டும். பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள், சவ்வின் அடியிலுள்ள நார்க்கலங்களைத் தூண்டி கொலாஜன் நாரை மிகுதியாக்குகிறது. பாக்கில் செம்பும் கணிசமாக உண்டு. நார்களை ஒன்றோடொன்று பூட்டும் நொதியத்துக்குச் செம்பு வேண்டும். இவ்வாறு மெத்தை போன்றிருந்த கன்னம் தோற்பட்டையாகிறது. இந்நோயை 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடையே கண்டு எழுதினார். மறுஆண்டு பம்பாயில் ஜோஷி என்னும் வைத்தியர் அதனை விவரித்தார். கேரளத்தின் எரணாகுளம் மாவட்டத்தில் இந்நோயுற்ற 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களுள் 7.6 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் உண்டாயிற்று. விறைத்த இழையம் மேலேயுள்ள கலங்களின் கருவை எவ்வாறு உறுத்துகிறதென ஆய்வாளர் இப்போது ஆராய்ந்து வருகின்றனர். வெற்றிலையின் மற்றத் தீங்குகளான புகையிலை நைத்திரோசமைன்களும், சுண்ணாம்புச் சூழலில் பாக்கிலிருந்து எழும் தீவிர ஒட்சிசன் துணிக்கைகளும் டி.என்.ஏ. இழையை நேரே தாக்குபவை.

இத்தாக்குதலின் தடயத்தை வாயிலேயே எடுத்துக்காட்டியவர் கனடாவின் ஹான்ஸ் ஸ்டிக். வெற்றிலை மெல்வோர் கன்னத்தை மரத்துண்டினால் மெல்லச் சுரண்டி, வந்த கலங்களைச் சாயமேற்றிப் பார்த்தபோது, பெரிய கருவின் அருகே கடுகுபோன்ற சிறு கரு ஒன்றும் கிடப்பதை அவர் பலமுறை கண்டார். பிரிவின்போது பின்தங்கிய நிறமூர்த்தத் துண்டொன்று தனக்கெனக் கட்டிக்கொண்ட கூடு அது, நுண்கரு என்பர். மெல்லாதோரைவிட மெல்வோரிடம் இவை மிகுந்திருப்பதாக 1982இல் அவர் ஒரிசாவைச் சேர்ந்த பரிடாவுடன் சேர்ந்து எழுதினார். பொவேரி கடல்முள்ளெலியில் கண்ட குழப்பமே இங்கே மனிதனின் கன்னத்தில் கடுகளவாய்க் கிடந்தது. இந்த நுண்கருக்களின் கூடு நொய்ந்தது. அதனுள் அகப்பட்ட நிறமூர்த்தம் சுக்குநூறாய் உடைந்து மீண்டும் தாறுமாறாய் ஒட்டப்பெறலாமென 2012இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர்.

நோய் ஓரிடத்தினின்று வேறிடத்துக்குப் பரவுவதிலும் கருவின் வன்மை மென்மை பங்கு கொள்கிறது. கலத்தின் மற்றப் பகுதிகள் எவ்வளவு ஒடுங்கிய இடுக்கிலும் நீர்போல் வழிந்து செல்லும், கருவே தடை. தேயிலை நிரைகளினூடே வெறுங்கையோடு நடப்பவள் எளிதில் நுழைவாள். நிறைகூடை சுமப்பவள் செடியில் சிக்குவாள். துவண்ட கருவையுடைய கலத்துக்கு இடுக்கில் நுழைவது இலகு. ஆயின், மிகக் குறுகிய இடுக்கிலே பிதுங்கும்போது கருவின் உறை கிழிந்து, டி.என்.ஏ. சேதமுறுகிறதென 2016இல் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகத்தாரும் பாரிஸ் கியூரி நிறுவனத்தாரும் தனித்தனியே கண்டனர். கிழிசலைக் கலம் பெரும்பாலும் தைத்துக்கொள்கிறது. தப்பிப் பிழைத்த கலம் புதிய பிழைகளோடு மேலே செல்கிறது. பரவிய புற்றுநோய் முதற்கட்டியைவிட முரண்டு பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

வெற்றிலைக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பைத் தென்னாட்டில் முதலிற் குறித்தோர் ஆய்வுகூடத்தாரல்லர். அறுவை மேசையருகே நின்றவரே. கன்னியாகுமரியை அடுத்த நெய்யூரில் இலண்டன் மிஷன் சங்கத்தார் நடத்திய வைத்தியசாலையில் பணியாற்றிய ஃபெல்ஸ், பென்டல் ஆகிய இருவரும் 1908இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். ஃபெல்ஸ் 209 வாய்ப்புற்று அறுவைகளையும், பென்டல் 1,700 புற்றுநோயாளரையும் பற்றி ஆராய்ந்தனர். 1933இல் அதே திருவிதாங்கூர்ப் பகுதியின் நோயாளரைக் கொண்டு ஓர் என்பவர் வெற்றிலைப் பழக்கத்தையும் நோயையும் இணைத்துக் காட்டினார். அக்காலத்துக்கு முன்னிருந்தே யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெருஞ்சந்தையாயிருந்தது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றுநோய்க் காரணியென 1985இலும், புகையிலையில்லா வெற்றிலையையும் பாக்கையுங்கூட அவ்வாறே 2004இலும் அறிவித்தது. புகையிலையை விட்டுப் பாக்கை மட்டும் மென்றால் தீங்கில்லை என்று ஆறுதல் கொண்டிருந்தோர்க்கு அந்தப் பிற்கூற்று கசப்பானது.

ஈழத்தில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று நெடுங்காலமாக முன்னணியில் நிற்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பல்வைத்தியப் பீடத்தாரும், இலங்கையிற் பயின்று பின்னர் இலண்டனில் பணியாற்றிய சமன் வர்ணகுலசூரியவும் இந்நோயை ஆராய்ந்தோருள் முதன்மையானவர்கள். மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே வாய்ப்புற்றும் அதன் முன்னோடி நோய்களும் எந்த அளவில் உள்ளன என்பதைப் பேராதனையின் ஆரியவர்தன, திலகரத்ன முதலியோர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர்; வெற்றிலைப் பழக்கமே தலைமைக் காரணமென அது காட்டிற்று.

வாய் என்பது உடம்பின் உள்ளறைகளுள் விளக்கொன்று பிடித்தாலே தெரியக்கூடிய அறை. ஈரலிலோ கணையத்திலோ எழும் படையைக் காண முடியாது. கன்னத்துப் படையைப் பல்வைத்தியர் மட்டுமன்றிப் பயிற்சி பெற்ற எவரும் காணலாம். இதைச் சோதிக்க 1980களின் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு முயற்சி நடந்தது. ஆரம்பச் சுகாதார ஊழியர்க்குச் சிறிது காலம் பயிற்சியளித்து ஊருக்குள் அனுப்பினர். அவர்கள் ஓராண்டுக்குள் 28,295 பேரின் வாய்களைப் பார்த்து, 1,220 பேரை மேற்பரிசோதனைக்குப் போகுமாறு கூறினர். ஊழியரின் கண் பெரும்பாலும் தவறவில்லை என்பது பின்னர் உறுதியாயிற்று. கேரளத்தில் 1996இல் தொடங்கி 191,873 பேரை உள்ளடக்கிய திருவனந்தபுரம் ஆய்வு 2005இல் மேலும் ஒரு படி சென்றது. புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே, வாயைப் பார்த்துச் சோதித்த ஊர்களில் வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது.

ஆனால் இலங்கை முயற்சியில் வேறோர் எண்ணும் உண்டு. போகச் சொல்லப்பட்ட 1,220 பேரில் பரிசோதனைக்கு வந்தோர் பாதிக்குச் சற்றே கூடியவர்தாம். வலி இல்லாத வெண்படைக்காக ஒரு நாளை இழக்க எவர்க்கும் எளிதில் மனம் வராது. தோட்டத்திலே அந்த ஒரு நாள் ஒரு பேர், ஒரு பேர் என்பது வீட்டின் மாவும் மண்ணெண்ணெயும். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று 1872ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டதாயினும், தோட்டத்து மருந்துச்சாலை காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பிரசவத்துக்கும் அமைந்ததேயன்றிக் கன்னத்தைக் கீறிப் பார்ப்பதற்கு அமைந்ததன்று. மலையுச்சித் தோட்டத்துத் தொழிலாளி ஒருத்தி லயத்தினின்று மருந்துச்சாலைக்கும், அங்கிருந்து டிக்கோயா அல்லது நுவரெலியா வைத்தியசாலைக்கும், பின்னர்க் கண்டிக்கோ பேராதனைக்கோ செல்ல வேண்டும். முடிவு அறிய மறுபடியும் அதே வழி. துணைக்கு வரும் கணவனோ மகனோ தன் பேரையும் இழப்பான். 2007இல் வெளிவந்த ஆய்வு தோட்டத்து மக்களையே தேடிச் சென்றதாகலின், அவ்வழியை ஒரு முறையேனும் எதிர்த்திசையில் நடந்ததாகக் கொள்ளலாம். அவ்வாறு எடுக்கப்படும் நெல்மணியளவு இழையம் மெழுகிலே பதிக்கப்பட்டு, மயிரிழையினும் மெல்லிய சீவலாகி, ஊதாவும் இளஞ்சிவப்புமான சாயமேறிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டப்படுகிறது. அதை நோக்குபவர் முதலில் தேடுவது அடிவரிசையின் கருக்களை. அவை இன்னும் வட்டமாக இருக்கின்றனவா என்று.